பழைய ஹைலக்ஸ் கெப்பின் பின் டிரம் பிரேக்கை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 1988 முதல் 1997 வரை வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸை, அதிலும் குறிப்பாக இலங்கையில் வயலுக்கும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சில்லு இழுவை டீசல் டபுள் கெப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. மாற்று வாகனம் வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் பழைய கெப்கள் வழக்கத்தை விட அதிகமாக உழைத்தன. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பார்த்துப் பார்த்துப் பராமரித்தவர்கள்கூடப் பின் டிரம்மை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் விட்டிருப்பதை அடிக்கடி காண முடிகிறது. கீழே உள்ள கேள்விகள் அப்படிப்பட்ட வாகனங்களின் உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்பவை.

பின் பிரேக் பிடிப்பதே இல்லை. டிரம்மைத் தூக்கிவிட்டு டிஸ்க் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம். டிரம் என்பது சில்லோடு சுழலும் மூடிய இரும்புக் கிண்ணம்; உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து அதைப் பிடிக்கின்றன. டிஸ்க் என்பது இரு பக்கமும் பேட்கள் நெருக்கிப் பிடிக்கும் திறந்த தட்டு. இந்த கெப்பில் பின் பிரேக் பிடிக்கவில்லை என்று வருபவற்றில் பெரும்பாலானவை, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலையிலிருந்து வெகுதூரம் சரிந்துபோன டிரம் பிரேக்குகளே. இறுகிய லீவர், எட்டாத தூரத்தில் நிற்கும் ஷூ, கசிந்த சிலிண்டர், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும், ஆனால் தப்பான நிலையில் நிற்கும் பார உணர் வால்வு ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த பிரேக்கும் பிடிக்காது. இவற்றைச் சரிசெய்யாமல் டிஸ்க்குக்கு மாறுபவர், பழுதைத் தீர்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றுகிறார். அமெரிக்காவில் விற்கப்பட்ட டொயோட்டா டகோமா பிக்கப்பே 2023 மொடல் வரை பின்னால் டிரம்மைத்தான் வைத்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், டிரம் என்பதே பழுதல்ல என்பது விளங்கும்.

முன்னால் டிஸ்க் வைத்த தயாரிப்பாளர் பின்னால் ஏன் டிரம் வைத்தார்?

பிரேக் பிடிக்கும்போது வாகனத்தின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின் பெட்டி வெறுமையாக இருக்கும் கெப்பில் பின் சில்லுகளின் மேல் ஏற்கெனவே எடை குறைவு. பிரேக் அடித்ததும் அதுவும் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் பின் பிரேக் பலமாகப் பிடித்தால் பின் சில்லுகள் வழுக்கி, வாகனம் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பிவிடும். ஆகவே வெறும் பெட்டியோடு ஓடும்போது பின் பிரேக்குக்கு வேலை குறைவு. ஒரு தொன் நெல் மூட்டையை ஏற்றிய பிறகுதான் அதற்கு உண்மையான வேலை வருகிறது. டிரம்மில் ஹாண்ட் பிரேக்கை எளிதாக, பலமாக அமைக்கலாம் என்பதும், சேற்றையும் கல்லையும் மூடிய டிரம் ஓரளவு தடுக்கிறது என்பதும் கூடுதல் காரணங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த கெப்பின் டிரம்முக்குள் மேலே, பிரேக் ஒயிலின் அழுத்தத்தால் ஷூக்களை விரிக்கும் ஒரு வீல் சிலிண்டரும் இரண்டு ஷூக்களும் இருக்கின்றன. வாகனம் முன்னோக்கிப் போகும்போது, முன் ஷூவை டிரம்மின் சுழற்சியே தன்னோடு இழுத்து மேலும் அழுத்துகிறது. காலால் கொடுத்த விசையை விட அதிகமான பிடி இதனால் கிடைக்கிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. அதே காரணத்தால் முன் ஷூ பின் ஷூவை விட விரைவாகத் தேயும். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அல்லது பின் ஷூ அதிகம் தேய்ந்திருந்தால் உள்ளே ஏதோ பிழை இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பெடல் ஆழமாகப் போகிறது; இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. ஹாண்ட் பிரேக்கும் கடைசிவரை இழுபடுகிறது. என்ன காரணம்?

இந்த மூன்று அறிகுறிகளும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, டிரம்மின் பின்தட்டில் வெளிப்புறமாகப் பொருத்தப்பட்டிருக்கும் பெல் கிராங்க் என்ற சிறிய முழங்கை லீவரை. ஹாண்ட் பிரேக் கேபிள் இந்த லீவரை இழுக்கிறது; லீவர் திரும்பி உள்ளே இருக்கும் ஷூவைத் தள்ளுகிறது. இந்த வாகனத்தின் அமைப்பில் பலர் அறியாத ஒரு விடயம் இருக்கிறது: ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகவே குறைக்கும் அட்ஜஸ்டர், ஹாண்ட் பிரேக்கை இழுக்கும் அசைவினால்தான் இயங்குகிறது. கால் பிரேக்கால் அல்ல.

பெல் கிராங்கின் ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டால் ஹாண்ட் பிரேக் அரைகுறையாக வேலை செய்யும். அரைகுறையான ஹாண்ட் பிரேக்கை ஓட்டுநர் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து நிறுத்தப் பழகிவிடுவார். அதன் பிறகு அட்ஜஸ்டருக்கு வேலையே கிடைக்காது. ஷூ தேய்ந்துகொண்டே போகும், இடைவெளி கூடிக்கொண்டே போகும், வீல் சிலிண்டர் பிஸ்டன் அதிக தூரம் பயணிக்க வேண்டியிருக்கும், பெடல் ஆழமாகிவிடும். அதற்குள் முன் டிஸ்க் முழுச் சுமையையும் தாங்கி, பேட் அடிக்கடி தேய ஆரம்பித்திருக்கும். முன் பேட்களை வழக்கத்தை விட விரைவாக மாற்ற வேண்டி வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்னால் இருக்கும் இந்த லீவரைத்தான்.

இறுகிய பெல் கிராங்கை எப்படி மீட்பது?

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்குத் தடை வைத்து, செசியை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு கேபிளை லீவரிலிருந்து கழற்றுங்கள். லீவரை விரலால் அசைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அது தடையில்லாமல் திரும்பி, விட்டவுடன் திரும்பி வரும். இறுகியிருந்தால் அசையவே அசையாது, அல்லது போன இடத்திலேயே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து அசைத்துவிட்டு மூடிவிடுவது சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். பின்தட்டிலிருந்து முழுத் தொகுதியையும் கழற்றி, ஊசியை வெளியே தட்டி எடுத்து, ஊசியையும் அது அமரும் துளையையும் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் பூசிப் பூட்ட வேண்டும். லீவரின் மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதைக் கட்டாயம் மாற்றுங்கள். ஊசி இறுகுவதற்கு முதற்காரணமே அந்தக் கிழிசல் வழியாகப் போன சேறும் நீரும்தான். ஊசி குழிவிழுந்து அரித்திருந்தால் புதிய தொகுதியே நல்லது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையதும் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே லீவரைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இடைவெளியை எந்த வரிசையில் சரிசெய்வது?

வரிசை மாறினால் வேலை முழுவதும் வீண். முதலில் ஷூ, அடுத்து பெல் கிராங்க், கடைசியில் கேபிள்.

கேபிளைத் தளர்த்திவிட்டு, பின்தட்டில் ரப்பர் அடைப்பான் போட்ட துளை வழியாக அட்ஜஸ்டரின் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிரம் பூட்டாகும் வரை ஷூவை விரித்து, பிறகு டிரம் தடையில்லாமல் சுழலும் வரை பின்வாங்குங்கள். டிரம்மைக் கழற்றி வைத்து அளப்பவர்களுக்கு, டிரம்மின் உள்விட்டத்துக்கும் ஷூக்களின் வெளிவிட்டத்துக்கும் சுமார் 0.6 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் போதும். அடுத்து பெல் கிராங்கை மெதுவாக இழுத்து, உள்ளே இருக்கும் தளர்வை மட்டும் எடுத்த நிலையில், லீவருக்கும் தடுப்பு போல்ட்டுக்கும் இடையில் 0.4 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும்படி அந்த போல்ட்டைத் திருப்புங்கள். இவை இரண்டும் முடிந்த பிறகே கேபிளின் நீளத்துக்குப் போக வேண்டும்.

கராஜ்களில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறானது. ஹாண்ட் பிரேக் மேலே வருகிறது என்றவுடன் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். அன்று மாலை ஹாண்ட் பிரேக் பிடிக்கும். உரிமையாளர் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் இறுகிய கேபிள் லீவரை எப்போதும் பாதி இழுத்த நிலையில் வைத்திருப்பதால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்புவதில்லை, அட்ஜஸ்டரும் பல் ஏறுவதில்லை. ஷூ உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடாகும்.

டிரம்மை லேத்தில் கடைந்தால் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

நான்கு சில்லு இழுவை ஹைலக்ஸின் பின் டிரம்மின் உள்விட்டம் புதிதாக இருக்கும்போது 295 மில்லிமீற்றர். பாவனைக்கு ஏற்ற உச்சம் 297 மில்லிமீற்றர். முழு விட்டத்தில் இரண்டு மில்லிமீற்றர் என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீற்றர் மட்டுமே எடுக்கலாம். அந்த எல்லைக்குள் வடுக்களும் வட்டப் பிசகும் போகுமென்றால் கடையலாம். எல்லையைத் தொட்ட டிரம்மை மறுபடியும் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. மெலிந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. சூட்டில் அதிகம் விரிகிறது. விரிந்த டிரம்மைப் பிடிக்க ஷூ இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. பாரம் ஏற்றி மலை இறங்கும் கெப்புக்கு, தரமான இரண்டு புதிய டிரம்களைப் போடுவதே பின் பிரேக்கில் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு என்பது என் உறுதியான கருத்து.

கடைவதானால் இரண்டு பக்கத்தையும் ஒரே விட்டத்துக்குக் கடையுங்கள். இறுகிய டிரம்மைக் கழற்றச் சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள். டிரம்மின் முகத்தில் இரண்டு மரையிட்ட துளைகள் இருக்கின்றன. அவற்றில் எட்டு மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் டிரம் தானாகவே வெளியே வரும்.

எந்த ஷூ நல்லது? பழைய ஷூவுக்குப் புதிய லைனர் அடித்துக்கொள்ளலாமா?

லைனர் என்பது ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை. அதை அடித்துக்கொள்ளலாம், நல்ல கைத்திறன் உள்ளவர் செய்தால் அது புதிய மலிவு ஷூவை விட மேலானதாகவே இருக்கும். ரிவெட்டின் தலை லைனரின் மேற்பரப்புக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கிறதா, லைனருக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைனரின் தடிப்பு 1 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அது முடிந்துபோனது. ரிவெட் போட்ட லைனரில் அதற்கு முன்பே ரிவெட்டின் தலை டிரம்மைக் கீற ஆரம்பிக்கலாம்.

லைனரின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துக்களில் இரண்டு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது எழுத்து சூடேறிய பிறகு எவ்வளவு என்பதையும் சொல்கிறது. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டு எழுத்தும் எஃப் ஆக இருப்பது இந்த வாகனத்துக்குப் பொருத்தமானது. முதல் எழுத்து எஃப் ஆகவும் இரண்டாவது ஈ ஆகவும் இருந்தால், அந்த லைனர் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது பிடியைக் கைவிடக்கூடும். மறுபக்கம், ஜி வகையைப் பின்னால் மட்டும் போட்டால் வெறும் பெட்டியோடு மழையில் போகும்போது பின் சில்லு முதலில் பூட்டாகும். பின்னால் மட்டும் பலம் கூட்டுவது எப்போதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறது. கழுவிப் போடலாமா?

கூடாது. லைனர் எண்ணெயை உறிஞ்சிவிடும். பெற்றோலில் கழுவினாலும், நெருப்பில் காட்டினாலும், சூடேறும்போது அது மறுபடியும் வெளியே வரும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கியர் ஒயில் மணம் வந்தால் ஆக்சில் சீல் கசிகிறது. அது வழவழப்பாகக் கறுத்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் சற்றுத் தூக்கினால் ஈரம் தெரிகிறது என்றால் பிரேக் ஒயில் கசிகிறது. ஆக்சில் சீலை மாற்றியும் சில மாதங்களில் மறுபடியும் கசிந்தால், பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் மூச்சுத் துளையைப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால், சூடாகும் காற்று போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும்.

பெரிய வீல் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகுமா?

ஆகும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். சிலிண்டரின் விசை அதன் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. உதாரணமாக 20.6 மில்லிமீற்றர் சிலிண்டருக்குப் பதில் 22.2 மில்லிமீற்றர் சிலிண்டர் போட்டால் விட்டம் எட்டு வீதம்கூடக் கூடவில்லை, விசையோ கிட்டத்தட்ட 16 வீதம் கூடிவிடுகிறது. அதே 16 வீதம் அதிகமான பிரேக் ஒயிலையும் அது கேட்கும், ஆகவே பெடல் இன்னும் ஆழமாகப் போகும். இதை ஈடுசெய்ய, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாகப் போட்டால், அதே கால் விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைந்து பெடல் கடினமாகும்.

எப்போதும் பாரத்தோடு ஓடும் கெப்புக்கு, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பின் பிடி போதவில்லை என்றால் மட்டுமே இதைச் செய்யலாம். குடும்பத்தோடு வெறும் பெட்டியில் ஓடுபவருக்கு இது தேவையற்ற ஆபத்து.

பின் ஆக்சிலுக்கு மேலே கம்பியோடு இருக்கும் வால்வு எதற்கு? அதைக் கழற்றிவிட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

அதுதான் பார உணர் வால்வு. கராஜ்களில் எல்எஸ்பிவி என்பார்கள். வால்வு செசியில் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஸ்பிரிங் கம்பி ஆக்சிலில் உள்ள ஒரு தாங்கியில் பூட்டப்பட்டிருக்கிறது. பாரம் ஏறினால் செசி தாழும், கம்பி அழுத்தும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். பாரம் இறங்கினால் அழுத்தத்தைக் குறைக்கும். வெறும் பெட்டியோடு பின் சில்லு பூட்டாகாமல் காப்பது இதுவே.

வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தியவர்களுக்குப் பின் பிரேக் போய்விட்டது போலத் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. ஸ்பிரிங்கை உயர்த்தியதும் செசிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. வால்வோ பெட்டி முழுக்க வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அரிசி மூட்டை ஏற்றினாலும் அதற்குத் தெரிவதில்லை. இதற்கான தீர்வு வால்வைக் கழற்றுவதல்ல. ஆக்சிலில் உள்ள தாங்கியை, உயர்த்திய அளவுக்கே உயர்த்திக் கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவருவதுதான். புதிய ஸ்பிரிங் போட்டவர்களும், தட்டு கூட்டியவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வால்வைக் கழற்றிக் குழாயை நேராக இணைத்தால் பிரேக் பலமாகப் பிடிப்பதாகத் தோன்றுவது உண்மை. காய்ந்த வீதியில் மெதுவாகப் போகும்போது எல்லாம் நன்றாக இருக்கும். மழையில், வளைவில், வெறும் பெட்டியோடு ஒரு நாய் குறுக்கே வரும்போதுதான் அதன் விளைவு தெரியும். மேலும் இந்த வால்வுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. முன் பிரேக் சுற்று கசிந்து அழுத்தத்தை இழந்தால், குறைப்பு எதுவுமின்றி முழு அழுத்தத்தையும் பின்னுக்கு விடும் அமைப்பு அதற்குள் இருக்கிறது. அதற்காகத்தான் முன் சுற்றிலிருந்து ஒரு குழாய் அங்கே வருகிறது. வால்வைக் கழற்றுபவர் அந்தக் காப்பையும் சேர்த்தே கழற்றுகிறார். வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தால் மாற்றுங்கள். இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

பிரேக் ஒயில், ரப்பர் குழாய் இவற்றில் ஏதாவது மேம்படுத்தலாமா?

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 வகைக்கு அவை 230, 155 பாகைகள். எனவே டொட் 4 போட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுதாக மாற்றுவது குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல மேம்பாடு. சிலிக்கோனால் ஆன டொட் 5 வகையை இவற்றோடு கலக்கவே கூடாது.

செசியிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஒற்றை ரப்பர் குழாய் முப்பது ஆண்டு பழையதாக இருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். வாகனத்தை உயர்த்தியிருந்தால், ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது குழாய் இழுபடுகிறதா என்று பார்த்து நீளமானதைப் போடுங்கள்.

பெரிய ரயர் போட்ட பிறகு பிரேக் மந்தமாகிவிட்டது. ஏன்?

28 அங்குல ரயருக்குப் பதில் 31 அங்குல ரயர் போட்டால், டிரம் அதே முறுக்கு விசையைக் கொடுத்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை கிட்டத்தட்ட 10 வீதம் குறைகிறது. ரயரின் எடையும் கூடுகிறது. இது முன் பிரேக்குக்கும் பொருந்தும் என்பதால், தீர்வைப் பின்னால் மட்டும் தேட வேண்டாம்.

மலை இறங்கும்போது பெடல் தாழ்ந்து பிடி குறைகிறது. டிரம்தானே காரணம்?

டிரம்மும் காரணம், ஓட்டும் முறை அதை விடப் பெரிய காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாரத்தோடு 2500 கிலோ எடையுள்ள கெப் அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைப் பக்கம் ஆயிரம் மீற்றர் இறங்கினால், அந்த உயரத்தின் சக்தி முழுவதும் எங்காவது வெப்பமாக மாற வேண்டும். எண்பது லீட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்கத் தேவைப்படும் வெப்பத்துக்கு அது சமம். அதில் பெரும் பங்கை எஞ்சினிடம் கொடுக்காவிட்டால் நான்கு பிரேக்குகளும் சுமக்க வேண்டும்.

டிரம் சூடாகும்போது விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, அதனால் பெடல் தாழ்கிறது. லைனர் சூடாகும்போது உராய்வு குறைகிறது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், அல்லது அதற்குக் கீழே, இறங்குங்கள். காலைப் பெடலில் மெதுவாக வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். இடையில் நிறுத்தினால் ஹாண்ட் பிரேக்கை இழுத்து விட்டு வைக்காமல், கியரில் போட்டு, சில்லுக்குத் தடை வைத்து டிரம்மை ஆறவிடுவது நல்லது. ஏனெனில் விரிந்திருக்கும் டிரம் குளிரும்போது சுருங்கி ஷூவை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் பின் டிஸ்க் யாருக்குத்தான் பொருந்தும்?

ஆற்றையும் சேற்றையும் அடிக்கடி கடப்பவர்களுக்கு. டிரம்முக்குள் நீர் புகுந்தால் காய நேரமாகும். சேறு புகுந்தால் தானாக வெளியேறாமல் லைனரையும் டிரம்மையும் அரைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் சில சுற்றுக்களில் நீரை உதறிவிடும், திறந்து பார்ப்பதும் எளிது. ஆனால் மாற்றுபவர் முழு அமைப்பையும் மாற்றுகிறார் என்பதை உணர்ந்து இறங்க வேண்டும்.

டிஸ்க்குக்குத் தன்னை இழுத்துக்கொள்ளும் உதவி இல்லாததால் அதிக அழுத்தம் தேவை. பேட்களை நெருக்கும் கெலிப்பரின் பெரிய பிஸ்டன் அதிக பிரேக் ஒயிலைக் கேட்கும் என்பதால் மாஸ்டர் சிலிண்டர் போதுமா என்று கணக்கிட வேண்டும். சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம்முக்காகச் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பு இருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட் எப்போதும் உரசும். பார உணர் வால்வு டிரம்முக்காக அளவிடப்பட்டது, ஆகவே அதன் நிலையையும் மறுபடி பார்க்க வேண்டும். சில்லின் உட்புறம் கெலிப்பரில் முட்டுகிறதா என்பதையும் வாங்கும் முன்பே அளக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஹாண்ட் பிரேக். டிஸ்க்கின் நடுக் குழிக்குள் சிறிய டிரம் இருக்கும் வகையே பாரம் ஏற்றும் வாகனத்துக்குப் பொருந்தும். கெலிப்பரிலேயே லீவர் உள்ள வகையை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கும். ஹாண்ட் பிரேக்கே இல்லாத மாற்றுத் தொகுதிகளும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். சரிவில் நிறுத்திய பார வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. மாற்றம் செய்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சில்லு இழுவை ஹைலக்ஸில் 254 மில்லிமீற்றர் டிரம் இருக்கிறது. 295 போட முடியுமா?

டிரம்மை மட்டும் மாற்ற முடியாது. பின்தட்டு, ஷூ, கேபிள், பெரும்பாலும் சில்லு ஆணிகளின் அமைப்பு எல்லாமே வேறு. முழு ஆக்சிலையே மாற்ற வேண்டி வரும். அந்த உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது எந்த வரிசை?

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிக நீளமான குழாய் போகும் பின் சில்லில் தொடங்கி, மற்றப் பின் சில்லுக்குப் போங்கள். அதன் பின், பலர் மறந்துவிடும் இடம்: பார உணர் வால்விலும் காற்றுத் திருகு ஒன்று இருக்கிறது. அதையும் எடுத்த பிறகே முன் சில்லுகளுக்கு வர வேண்டும். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சு போல இருக்கிறது என்றால் பெரும்பாலும் காற்று அந்த வால்விலேயே நிற்கிறது, அல்லது ஷூ இன்னும் தொலைவில் இருக்கிறது.

வேலை முடிந்த பிறகு எப்படிச் சோதிப்பது?

புதிய லைனர் டிரம்மோடு பொருந்த, முதல் இருநூறு கிலோமீற்றர் வரை பாரம் ஏற்றாமல், கடுமையாக மிதிக்காமல் ஓட்டுங்கள். அதன் பிறகு ஆளில்லாத, காய்ந்த, நேரான வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் பலமாகப் பிரேக் அடித்து, வெளியில் நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் பெட்டியோடு முன் சில்லு முதலில் பூட்டாக வேண்டும். பின் சில்லு முதலில் பூட்டானால் வால்வின் நிலையையோ லைனரின் வகையையோ சரிசெய்யும் வரை வாகனத்தை வேலைக்கு எடுக்க வேண்டாம். ஓடி நின்றதும் இரண்டு டிரம்களின் அருகிலும், டிரம்மைத் தொடாமல், கையைப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்கம் உரசுகிறது. உருளைச் சோதனை இயந்திரம் உள்ள இடம் அருகில் இருந்தால் இடது வலது வித்தியாசத்தை அங்கேயே அளந்துகொள்ளலாம்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை டிரம்மைத் திறக்க வேண்டும்?

சாதாரண வீதியில் ஓடினால் ஆண்டுக்கு ஒரு முறை. வயலில் இறங்கும் கெப்பை ஒவ்வொரு போகமும் முடிந்தவுடன் திறந்து, காய்ந்த சேற்றை எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று பெல் கிராங்கின் ஊசியையும் வால்வின் கம்பி மூட்டையும் விரைவாகப் பிடித்துவிடும் என்பதால், டிரம்மைத் திறக்காவிட்டாலும் இவை இரண்டையும் சில மாதங்களுக்கு ஒரு முறை கீழே படுத்துப் பார்த்து, அசைத்து, கிரீஸ் பூசுங்கள். ஹாண்ட் பிரேக்கை, சமதரையில் நிறுத்தினாலும், ஒவ்வொரு நாளும் இழுத்து விடுங்கள். அட்ஜஸ்டர் ஒரு பல் ஏறுவதும் லீவர் இறுகாமல் இருப்பதும் அந்த ஒரு அசைவில்தான் நடக்கிறது.